கழுத்தில் ஒரு வெள்ளை வளையம்

"டாக்டர், அந்த ஏரி வாசல் கேட்காரம்மாவை முதல்ல வேலையை விட்டுத் தூக்கணும்!"

பல் டாக்டரின் மேஜையில் கண்டக்டர் இரண்டு காகிதங்களைப் போட்டார். ஒன்று புகார். இன்னொன்று பறவைக் குழுவின் பதிவுப் படிவம், கூடவே ஒரு போட்டோ.

ஏரிக்கு வரும் காட்டு வாத்துகளுக்கெல்லாம் பழுப்புக் கழுத்து. போட்டோவில் இருந்ததற்கு மட்டும் கழுத்தைச் சுற்றிப் பளிச்சென்று வெள்ளை வளையம். பஸ்ஸில் விசில் ஊதிய நேரம் போக ஆறு வருஷமாக ஏரிக்கரையே கதியென்று கிடந்தவருக்கு இப்போதுதான் அதிர்ஷ்டம் அடித்திருந்தது. 'நிறத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'கலப்பினம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் விட்டார்.

குழுவின் செயலாளரான டாக்டர், பல் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டே போட்டோவை ஆராய்ந்தார்.

"கலப்பு இல்லீங்க. கலப்புன்னா அலகுலயோ கால்லயோ வேற வாத்தோட சாயல் தெரியணும். இது அச்சு அசல் நம்ம வாத்து. ஆழமா காயம் பட்டா சில சமயம் அந்த இடத்துல இறகு வெள்ளையா முளைக்கும்."

கண்டக்டருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. மறு நிமிஷமே துள்ளி எழுந்தார்.

"அப்போ புகார்ல நான் எழுதினது சரிதான்! அந்தம்மா தினம் காலையில கத்திரிக்கோலோட கரையில இறங்குது. வாத்துங்க மேயற இடத்துல குனிஞ்சு எதையோ வெட்டுது, சுருட்டிப் பையில போட்டுக்குது. இறகு திருட்டு டாக்டர்! கழுத்தையே பதம் பார்த்திருக்கு!"

"ஒருத்தரோட பொழப்பு. நேர்ல கேட்டுட்டுப் புகாரை அனுப்பலாம், வாங்க."

ஏரி வாசலில் கேட்காரம்மா சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் போட்டோவை நீட்டினார்.

"இதோட கழுத்துல கத்திரி வச்சது நீங்கதானே?"

"ஆமா தம்பி, நான்தான்."

கண்டக்டர் டாக்டரை ஜெயித்த பார்வை பார்த்தார்.

அந்தம்மா போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனார். "அதே இடம்! பொழச்சு வந்துட்டியாடா கண்ணு! போன சீசன்ல, அறுந்த தூண்டில் நரம்பு கழுத்துல சுத்தி, சதைக்குள்ள இறங்கி, சாகக் கெடந்துச்சு தம்பி. வெட்டி விட்டேன். சும்மா போச்சா? கையைக் கடிச்சு வச்சுட்டுத்தான் போச்சு!"

சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு டின்னைத் தூக்கி வந்தார். வாய் வரைக்கும் நைலான் நரம்பு, சிக்கும் முடிச்சுமாக.

"அதுலேர்ந்து தினம் காலையில கரையில கெடக்கறதை வெட்டி எடுத்துடறேன். இன்னொண்ணு மாட்டிக்கக் கூடாதில்ல?"

கண்டக்டர் கைகூப்பினார். "ரொம்ப நன்றிக்கா."

"எனக்கு எதுக்கு? இந்த மங்கின கண்ணை வச்சுக்கிட்டுத் தேடித் தேடிப் பார்த்தேன், ஆம்பிடலை. அது வந்துடுச்சுன்னு சேதி கொண்டாந்தீங்களே, நான்தானே உங்களுக்கு நன்றி சொல்லணும்!"

புகாரை நாலாக, எட்டாகக் கிழித்து அந்தம்மா பெருக்கிய குப்பையிலேயே போட்டார் கண்டக்டர்.

பிறகு படிவத்தை எடுத்தார். 'நிறத்துக்குக் காரணம்' கட்டத்தில் 'கலப்பினம்' என்பதை அடித்துவிட்டு, நிதானமாக எழுதினார்:

'கேட் அக்கா.'