மரம் முழுக்க மொட்டு

"பேரு சுண்டு, வயசு இருபத்திமூணு, பார்க் வேலைக்கு வந்து மரத்தடியில நிக்கிறேன். உயிரோடதான் இருக்கேன், போதுமா அக்கா?" என்று போனிடம் சொல்லி, எழுத்தாக்கி ஊருக்கு அனுப்பிவிட்டு, சுண்டு மறுபடி கிளையைப் படமெடுத்தான்.

மேஸ்திரி ரம்பத்தோடு வந்தார். "நகருடா. பட்டுப்போன மரத்துக்கு என்ன போட்டோ?"

"பட்டுப்போகல அண்ணே. பனி விட்டதும் கிளையெல்லாம் மொட்டு விட்டிருக்கு. ஃப்ளாஷ்கூட போடல, காலை வெயில்லயே பச்சை தெரியுது பாருங்க."

"ஆபீஸ்ல வெட்டச் சொல்லியாச்சு. தடுத்தா உன் வேலை போயிடும். கடல் தாண்டி வந்து மூணு மாசம்கூட ஆகல."

"போனா போகட்டும். நகர மாட்டேன்."

"எவனோ ஒரு மடையன் தப்பா ரிப்போர்ட் கொடுத்ததுக்கு நீ ஏன்டா மல்லுக்கு நிக்கிற?"

சுண்டு போனை நீட்டினான். போன வாரம் ஆபீசுக்கு அவன் வாயால் சொன்னது, 'மரம் முழுக்க மொட்டு.' போன் எழுதி அனுப்பியிருந்தது, 'மரம் முழுக்க மொட்டை.'

"அந்த மடையன் நான்தான் அண்ணே."

மேஸ்திரி ரம்பத்தைக் கீழே வைத்தார். சுண்டு படங்களைச் சேர்த்து, இந்தத் தடவை விரலாலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.

'மொட்டை இல்ல, மொட்டு. தப்பு என்னோடது. இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும், தயவுசெஞ்சு மரத்தை வெட்டாதீங்க.'