ரெண்டு பக்கமும்

"கேசட்டுல இருந்தது எல்லாம் அழிஞ்சு போச்சுக்கா. நான்தான் அழிச்சேன்."

குழல்வாய்மொழி டீச்சர் ஒருவழியாகச் சொல்லிவிட்டாள். இதைச் சொல்வதற்காகவே தென்காசியில் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி, குற்றாலத்துச் சாரலில் நனைந்துகொண்டு பேச்சித்தாயின் பழக்கடைக்கு வந்திருந்தாள்.

மங்குஸ்தான் அடுக்கிக்கொண்டிருந்த பேச்சித்தாயின் கை நின்றது.

"என்ன டீச்சர் சொல்லுதீக? அவுக பேசி அனுப்பின கேசட்டா?"

"அதேதான்."

பேச்சித்தாயின் புருஷன் சங்கரபாண்டி துபாயில் இருந்தான். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கடிதம் கிடையாது. போன மாதம் ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவன் கையில் ஒரு டேப்ரிக்கார்டரும், தான் பேசிப் பதிந்த கேசட்டும் கொடுத்துவிட்டிருந்தான். இரண்டு வருஷத்தில் அவனிடமிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். அந்த டேப்ரிக்கார்டரைத்தான் டீச்சர் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்துக்கு இரவல் கேட்டாள். பேச்சித்தாயும் மறுநாளே மகள் உலகம்மாளிடம் கொடுத்தனுப்பினாள்.

"பிள்ளைங்க வாசிக்கிறதைப் பதிஞ்சு, அவங்களுக்கே போட்டுக் காட்டினா தப்பு தெரியும்னு நினைச்சேன். உள்ளேயே ஒரு கேசட் இருந்தது. கேசட் முதுகுல சின்னதா ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும்க்கா. அதை உடைச்சுட்டா மேலே எதுவும் பதிய முடியாது. இதுல உடைச்ச ஓட்டையில காகிதம் அடைச்சிருந்தது. வேண்டாத பாட்டை அழிக்கத்தானே அப்படி அடைப்பாங்க? ஒரு தடவை போட்டுக் கேட்டிருக்கணும். புத்தி கெட்டுப்போய்க் கேக்கலை. முந்தாநாள் உலகம்மா வந்து, 'அப்பா பேசின கேசட்டை அம்மா வாங்கிட்டு வரச் சொன்னா'ன்னு சொன்னதும் எனக்கு உசிரே இல்லை."

"முழுசும் அழிஞ்சிட்டா?"

"ஆமாக்கா."

"ரெண்டு பக்கமும்?"

"நாப்பது பிள்ளைங்களாச்சே. ரெண்டு பக்கமும் ரொம்பிட்டு."

"ஒரு வார்த்தைகூட மிச்சமில்லையா?"

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. ஏற்கெனவே சாரலில் நனைந்த முகம் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"முதல்ல வாசிச்சது உங்க உலகம்மாதான். வகுப்புலேயே அவதான் தப்பில்லாம வாசிச்சா" என்றாள், அது ஏதோ ஆறுதல் என்பதுபோல.

பழம் கேட்டு வந்தவரைப் பேச்சித்தாய், "செத்த இருங்க அண்ணாச்சி" என்று நிறுத்திவைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவுக அக்கா சிவகிரியிலேருந்து வருதாக. தம்பி என்ன பேசியிருக்கான்னு கேட்டு, அதும்படி செஞ்சுட்டுத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்காக. நான் சொன்னா நம்ப மாட்டாக. நீங்களே வந்து சொல்லணும்."

"ரொம்பத் திட்டுவாங்களோ?"

"பேசுனா தெருவே கூடிரும்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாரேன்க்கா. தப்பு என் மேல. என்ன திட்டினாலும் வாங்கிக்கிடுதேன்." கைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். "அவர் பேசினதுல உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க. ஒண்ணு விடாம எழுதித் தாரேன். அவங்ககிட்டே அதையாவது வாசிச்சுக் காட்டலாம்."

பேச்சித்தாய் சட்டென்று நோட்டை மூடி டீச்சரின் பைக்குள்ளேயே போட்டாள். கூடவே நல்ல பழமாகப் பார்த்து நாலைந்தும் போட்டாள்.

"எழுதிக் கிழுதி வச்சிராதீக டீச்சர்! உலகம்மா படிப்பை நிப்பாட்டிட்டு, ஆவணியில அந்த அக்கா மகனுக்குக் கெட்டிக் குடுத்திரணுமாம். இனி அடுத்த கேசட்டு வாரதுக்குள்ள புள்ள பரீச்சை எழுதி முடிச்சிருவா. அழிஞ்சிரக் கூடாதுன்னு மனுசன் அந்தத் துண்டை உடைச்சுல்லா அனுப்பியிருந்தாக. கேசட்டுக் கடையில வழி கேட்டு, அந்த ஓட்டையில காயிதத்தை உருட்டி அடைக்கதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு!"