மறுநாள் தேதி

“பதினேழு நாளா இந்த ஒரு கம்ப்ளெயின்ட்டைக் கட்டிக்கிட்டு அழறோம். இன்னிக்கு க்ளோஸ் பண்ணிடு,” என்றார் டீம் லீட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சார், அது நிஜமான தப்பு சார்,” என்றாள் டெஸ்டர் பெண்.

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதத்தில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அதுவே பக்கத்து மேசைக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அந்த அலுவலகத்தில் இணையதளங்களுக்கான உதிரிபாகங்கள் தயாராயின. பொத்தான், பட்டியல், நாள்காட்டி என்று எல்லாம் ரெடிமேட். வாங்குகிறவர்கள் அவற்றை அடுக்கித் தங்கள் தளத்தைக் கட்டிக்கொள்வார்கள். புகார் வந்திருந்தது தேதிக் கட்டத்தைப் பற்றி. லீட் தன் கையால் எழுதிய முதல் பாகம் அது. தங்கும் விடுதிகளுக்காக எழுதியது. வரும் தேதி ஒன்று, போகும் தேதி ஒன்று. போகும் தேதி ஒரு நாளாவது பிந்தி இருக்க வேண்டும். இன்று அது இருநூறு தளங்களில் இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் தளமும் அதில் ஒன்று.

“ரெண்டு கட்டத்துலயும் ஒரே தேதி போட்டா சிவப்பு காட்டுது. அவ்வளவுதானே?”

“ஆமா சார். ‘பிந்தி’ன்னு இருக்கறதை ‘அதே நாள், இல்லைன்னா பிந்தி’ன்னு மாத்தணும். கோட்ல ஒரே ஒரு ஈக்வல் குறி சேர்த்தா போதும்.”

“ஒருத்தருக்காக இருநூறு சைட்ல கை வைக்கணுமா?”

“எல்லாத்தையும் நானே டெஸ்ட் பண்ணித் தரேன் சார். ரெண்டு நாள் குடுங்க.”

எதிர் மேசையில் ‘பட்டன்’ நாற்காலியைத் திருப்பினான். பொத்தான்கள் மட்டுமே செய்வதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“வந்த அன்னிக்கே ரூமைக் காலி பண்ணிட்டு ஓடியிருக்கான் எவனோ. பாத்ரூமைப் பார்த்திருப்பான், பாவம்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். லீட் சிரிக்கவில்லை.

“ரூம் இல்லை,” என்றாள் அவள். “குழந்தை.”

‘பட்டன்’ நாற்காலியைத் தன் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

புகார் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. ‘பிறந்ததும் இறந்ததும் ஒரே நாள். தளம் ஏற்க மறுக்கிறது. மறுநாள் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் கவுன்டரில் இருப்பவர். போட மாட்டேன். என் மகள் மறுநாளைப் பார்க்கவில்லை.’ கீழே ஒரு தொலைபேசி எண். கூடவே படிவத்தின் படம், அதுவும் கீழ்ப்பாதி மட்டும்.

“ஃபைன் கட்டிப் பதியறதா இருந்தாலும் முப்பது நாள்தான் கெடுவாம் சார். இன்னும் ஆறு நாள் இருக்கு. அதுக்கப்புறம் அப்படி ஒரு குழந்தை இருந்ததுக்கே அவங்ககிட்ட ஒரு காகிதமும் இருக்காது. நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார்.”

“படிக்க வேண்டியதில்லை.”

“சார், அந்தக் குழந்தை…”

“அப்படி யாரும் இல்லைம்மா!”

மூன்று வாரமாகவே அவர் இப்படித்தான். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறார்.

குரலைத் தணித்துக்கொண்டார். “இருந்தாலும் அதையெல்லாம் யாரும் ஃபார்ம்ல எழுதிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க. மறந்துட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க. ‘மாற்ற இயலாது’ன்னு போட்டு மூடு.”

“மூடறதுக்கு முன்னாடி அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லணும் சார். நீங்க பேசறீங்களா?”

“நீயே பேசு,” என்று ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கியது.

அவள் நடைபாதைக்குப் போய், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்று எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“தேதிக் கட்டம் விஷயமாவாம்மா?”

“ஆமா மேடம். அது… மாத்த முடியாதாம். மன்னிச்சிடுங்க.”

“யாரு சொன்னது?”

“எங்க லீட். அதை எழுதினதே அவர்தான்.”

“தெரியும். என்ன சொன்னார்?”

அவள் நடைபாதையின் இரு பக்கமும் பார்த்தாள்.

“அப்படியே சொல்லும்மா. இனிமே எனக்கு என்ன ஆகப்போகுது.”

“அப்படி யாரும் இல்லைன்னார் மேடம்.”

மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ அதை மூடினார்கள்.

“வீட்லயும் அதையேதான் சொல்றார்,” என்றது அந்தக் குரல். “ஃபார்மோட மேல்பாதியை வெட்டிட்டுத்தான்மா உங்களுக்கு அனுப்பினேன். ஆபீஸ்ல நாலு பேர் முன்னாடி அவருக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு. அங்க ‘தகப்பனார் பெயர்’னு ஒரு கட்டம் இருக்கு. அதுல இருக்கறது உங்க லீட் பேர்தான்.”