வியாழக்கிழமைப் பக்கம்

அவித்த முட்டையில் பாதி. அதைச் சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம்.

என் அண்ணன் மனைவி, குழந்தைகளுக்கு ஊட்டும் சின்ன ஸ்பூனால் நகக்கண் அளவு எடுத்து வாயில் வைத்தாள். ஒவ்வொரு வாயையும் முப்பது முறை மெல்ல வேண்டும். மேஜைக்கு எதிர்ப்புறம் மனநல ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் மெல்வதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டிலேயே விழுங்கிவிட்டாள். எதிலும் அவளுக்கு அவசரம்தான்.

திங்கட்கிழமை ஆபரேஷன். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடுவார்கள். டாக்டர் தயார். ஆனால் அதன் பிறகு பழையபடி அள்ளிப் போடமாட்டாள் என்று இந்த ஆலோசகர் இன்று கையெழுத்துப் போட்டால்தான் கத்தியைத் தொடுவார்கள்.

அதற்கு வீட்டிலிருந்து ஒரு சாட்சி வேண்டுமாம். என்ன சாப்பிட்டாள், எப்போது, எதற்காக என்று மூன்று மாதம் தினமும் நோட்டில் எழுதி வர வேண்டும். அண்ணனிடம் விட்டால் எல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவான். அதனால் அது என் தலையில் விழுந்தது.

பொய் எதற்கு, ரசித்துத்தான் செய்தேன்.

காலை எட்டு பத்து, ரொட்டி இரண்டு துண்டு, பசி. பதினொன்று, பிஸ்கட் நான்கு, பசியில்லை, போன் பேசிக்கொண்டே. மூன்று நாற்பது, மறுபடியும் பிஸ்கட், அண்ணனோடு சண்டை. ஒரு தடவை "எதற்காக" என்ற கட்டத்தில் "திமிர்" என்றுகூட எழுதினேன். ஆலோசகர் அதை மட்டும் அடித்துவிட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளை அண்ணி என்று நான் கூப்பிட்டதில்லை. அவசியம் கூப்பிட வேண்டுமென்றால் கதவைத் தட்டுவேன்.

ஆலோசகர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்றேன். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைய தண்ணீரை நான் குடித்து முடித்திருந்தேன்.

நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் போன வாரத்தில் நின்றார்.

"புதன் இருக்கு, வெள்ளி இருக்கு. வியாழக்கிழமை எங்கேங்க?"

மெல்வது நின்றது.

வியாழக்கிழமைப் பக்கம் என் கைப்பையில் நாலாக மடித்துக் கிடந்தது. கிழித்தது நான்தான்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து, அதன் மறைவில் நின்றுகொண்டு, ரொட்டியை ஜாம் பாட்டிலுக்குள் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பாக்கெட்டில் மிச்சம் இரண்டு துண்டு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் நிற்கவில்லை. நான் அறைக்குப் போய் எழுதினேன். எதற்காக: பயம்.

எழுதிவிட்டுக் கிழித்தேன். திங்கட்கிழமை நடந்தாக வேண்டும் என்பதில் அவளைவிட எனக்குத்தான் அவசரம். ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. பதினோரு வருடத்தில் அவள் கையும் களவுமாக மாட்டிய ஒரே நாள் அது.

ஆலோசகர் பேனாவை மூடினார். ஒளிந்து தின்கிற பழக்கம் இன்னும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படித் தின்றால் வயிற்றில் போட்ட தையல் தாங்காது, பிரிந்தால் உயிருக்கே ஆபத்து, மூன்று மாதம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றார்.

மேஜைக்கு அடியில் அவள் என் காலை மிதித்தாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அவள் மிதித்தால் எலும்பு வரைக்கும் தெரியும்.

நான் கைப்பையைத் திறந்தேன்.

ஆலோசகர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

வெளியே வந்ததும் அவள் என் வலது தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள். மெஷினுக்காக ஊசி ஏற்றும் இடது கை பக்கம் போகவில்லை. அந்தக் கோபத்திலும் அதில் ஜாக்கிரதை.

"பைத்தியமாடி உனக்கு? வாரத்துக்கு மூணு நாள் அந்த மெஷின்ல கெடந்துட்டு வர்ற. ஏற்கெனவே டாக்டருங்க உன் நாளை எண்ணிட்டிருக்காங்க. இன்னும் மூணு மாசம் சேத்துத் தாங்குவியா நீ?"

அண்ணனுடைய சிறுநீரகம் எனக்குச் சேரவில்லை. சேர்ந்தது இவளுடையது ஒன்றுதான். இருபத்தைந்து கிலோ குறையாமல் அதை எடுக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்த அன்றே, அண்ணனைக் கேட்காமல், என்னையும் கேட்காமல், தன் வயிற்றை வெட்டிக்கொள்ளப் பேர் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"நீங்க செத்துத் தொலைஞ்சா அந்தப் பழியும் என் தலையிலதான் விழும்" என்றேன்.

தோளை விட்டாள். பிறகு நோட்டை எடுத்து நெஞ்சில் குத்துகிற மாதிரி நீட்டினாள்.

"எழுது. முதல்லேர்ந்து எழுது."

பேனாவைத் திறந்தேன்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

அவளுக்கு அது மறக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

தேதி போட்டேன். முட்டை, பாதி. அதிலும் பாதி மீதி.