ஒரே ஒரு திருத்தம்

"மச்சான், தணிக்கைக்குப் போன உங்க சரித்திரப் புத்தகம் திரும்பி வந்துருச்சு," என்றான் பதிப்பாளனான மைத்துனன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

எழுத்தாளர் பதறிப்போய்ப் பக்கங்களைப் புரட்டினார். ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, சுடச் சொன்ன தளபதியின் பெயர் எல்லாமே அப்படியே இருந்தன.

"ஒரு வரியிலகூட கை வைக்கலையேடா! இதுக்கா இத்தனை நாள் பயந்து செத்தோம்?"

"பின்னட்டையில மட்டும் ஒரு திருத்தம்."

திருப்பினார். அவருடைய புகைப்படத்தின் கீழே, பிறந்த வருடத்தை அடுத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, இந்த வருடத்தை எழுதியிருந்தார்கள்.

"யாரோ தப்பா எழுதிட்டாங்க, மாப்ளே."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'இப்போ தப்புதான், புத்தகம் வெளிவர்றதுக்குள்ள சரியாயிடும்'னாங்க."