வாலில் வராத புள்ளி

இப்போதெல்லாம் கன்று வயிற்றில் இருக்கும்போதே, அதன் தோலில் என்ன அச்சு வேண்டும் என்று மாட்டாஸ்பத்திரியில் சொல்லிவிட வேண்டும். என் அக்கா இசக்கியம்மா வீட்டுக் கன்றுக்கு உடம்பெல்லாம் புள்ளி, வால் மட்டும் கோடு. அதைத் தெருத்தெருவாக ஓட்டிக் காட்டினாள். எங்கள் மாடும் அப்போது சினை; என் பெண்சாதி பவளக்கொடிக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம கன்னுக்கு உடம்பு கோடு, வாலு புள்ளி. மதினி வாயப் பொளக்கணும்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்த என்னையும் மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா கையை விரித்தார். "உடம்புல புள்ளி போட்டா வாலுல கோடு வரும். உடம்புல கோடு போட்டா வாலுல புள்ளி வராதும்மா. வாலு ஒல்லி, புள்ளி பிரிய எடம் பத்தாது; அச்சுக் கணக்கு விடாது."

"யாரு அந்தக் கணக்கு? வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிடுதேன்."

கணக்கு வரவில்லை. கன்று வந்தது, வால் நுனிவரை கோட்டோடு. அக்கா பார்க்க வருகிறாள் என்று தெரிந்ததும், பவளக்கொடி வாலைக் கரியால் மெழுகிச் சுண்ணாம்பில் புள்ளி வைத்தாள்.

"நீங்க வாயத் தொறக்காதீக" என்றாள் என்னிடம்.

கோடு போட்ட புதுச் சேலையில் வந்த அக்கா, நம்பாமல் வாலருகே குனிந்தாள். அந்த நேரம் பார்த்து ஓர் ஈ கன்றின் முதுகில் உட்கார்ந்தது. கன்று வாலை ஒரு வீசு வீசியது. அக்காவுக்கு உடம்பெல்லாம் கோடு, முந்தானையில் மட்டும் ஈரச் சுண்ணாம்புப் புள்ளி.

நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். பவளக்கொடி அசரவில்லை.

"மாட்டுக்கு விடாத கணக்கு உங்களுக்கு விட்டுருச்சே மதினி!"