கைவாகு

மறுபடியும் இழுத்தாள்.

வரவில்லை.

இடது மூலையைத் தூக்கிப் பிடித்து, முழங்காலால் ஓர் உதை கொடுத்து, கைப்பிடியைச் சட்டென்று மேலே இழுக்க வேண்டும். அவள் கணவன் அப்படித்தான் செய்வான். அவளும் அப்படித்தான் செய்தாள்.

பிக்கப் வண்டியின் பின்கதவு அசையாமல் நின்றது.

"உனக்கு அது வராது புள்ள. அதுக்குக் கைவாகு வேணும்."

வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த கணவன் சொன்னான். வண்டி வாங்கிய நாளிலிருந்து இதே பல்லவி.

அவனுக்குக் காலில் மாவுக்கட்டு. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

காலையில் அவள்தான் வண்டியைத் தோட்டத்துக்கு ஓட்டிப் போனாள். லைசென்ஸ் இருக்கிறது. களத்தில் ரிவர்ஸ் எடுத்து, தக்காளிப் பெட்டிகளை ஒட்டி அழகாக நிறுத்தினாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

கதவு திறக்கவில்லை.

தக்காளி பறிக்க வந்த பெண்கள் பெட்டியும் கையுமாக நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இவள் வெறும் வண்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

வந்ததும் கணவன் தன் தம்பி மயில்சாமிக்குப் போன் போட்டுவிட்டான். "நாளையில இருந்து வண்டிய நீ எடுத்துக்க. சந்தையையும் நீயே பார்த்துக்க."

மயில்சாமி சாயங்காலம் சாவி வாங்க வருகிறான்.

மயில்சாமி கைக்குப் போன எதுவும் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை. மருந்தடிக்கும் மிஷின் போனது. மோட்டார் போனது. இனி வண்டி போகும். அப்புறம் அவள் அடுப்படியோடு சரி.

அவன் வருவதற்குள் கதவைத் திறந்து காட்டினால் வண்டி அவளுக்கே. கணவன் ஒப்புக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டான்.

பழைய இரும்புக் கடைக்குப் போய், புது மாடல் வண்டியில் கழற்றிய கைப்பிடி ஒன்றைக் கொக்கிகளோடு வாங்கி வந்தாள். அப்படியே உட்கார்ந்துகொள்ளும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

மேலே வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. ஓட்டைகள் ஒரு விரற்கடை தள்ளியிருந்தன.

எல்லாரும் அடித்துத்தான் சொல்கிறார்கள்.

பழைய கைப்பிடியையாவது கழற்றிப் பார்க்கலாம் என்றால், அதன் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினாள். சுத்தியலால் தட்டினாள். ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. அழுகை வந்தது. வலியால் அல்ல, எரிச்சலால்.

ஒரு கதவு. வெறும் ஒரு கதவு.

"வுட்டுத் தொல புள்ள. அவன் வந்து பார்த்துக்குவான்."

அவள் வண்டிக்குள் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கதவின் உள்பக்கத்தை ஒரு தகடு மூடியிருந்தது. நான்கு மூலையிலும் திருகுகள். வெளியே வழியில்லை என்றால் உள்ளே இருக்கும்.

திருப்புளியை வைத்து முதல் திருகைச் சுழற்றினாள். வந்தது.

கதவு மறைத்ததால் அவள் செய்வது அவனுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தான். பொம்பளைக் கைக்கு இரும்பு அடங்காது என்றான். வண்டிக்கு ஆளைத் தெரியும் என்றான். இரண்டாவது திருகும் வந்தது. மூன்றாவதும் வந்தது. துருவேறிய போல்ட்டுகளுக்கு நடுவில் இவை மட்டும் வெண்ணெய் மாதிரி கழன்றன.

தகடு ஒரு பக்கம் சரிந்து தளத்தில் மோதியது.

பேச்சு நின்றது.

"அந்தத் தகட்டக் கழட்டாத."

குரல் மாறியிருந்தது.

அவள் கடைசித் திருகையும் கழற்றினாள்.

உள்ளே துரு இல்லை. கைப்பிடியிலிருந்து இரண்டு பக்கக் கொக்கிகளுக்கும் போகிற கம்பிகளில் புதுக் கிரீஸ் மினுங்கியது. இடது கம்பியின் குறுக்கே, சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியின் துண்டு ஒன்று. அளவாக வெட்டி, நுனியை வளைத்து, செப்புக் கம்பியால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. அவசரமில்லாமல் உட்கார்ந்து செய்த வேலை.

கைப்பிடிக்கு அடியில் ஒரு விரலை நுழைத்து அந்தத் துண்டை ஒதுக்கினால் கொக்கி விடும். ஒதுக்காவிட்டால் யானை இழுத்தாலும் விடாது.

உதையெல்லாம் சும்மா.

செப்புக் கம்பியை அறுத்துத் துண்டை எடுத்தாள். இறங்கி, வெளியே வந்து, கைப்பிடியை ஒற்றை விரலால் தூக்கினாள். கதவு மெல்லச் சாய்ந்து சங்கிலியில் நின்றது.

புதுக் கைப்பிடி தரையில் அப்படியே கிடந்தது. அதற்கு வேலையே இல்லை.

"திருட்டுக்குப் பயந்து போட்டு வெச்சது," என்றான் அவன். வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாலு எடத்துல நிக்கிற வண்டி. ஒரு ஆளுக்குக்கூட இது தெரியாது."

அவள் திறந்த கதவின்மேல் ஏறி உட்கார்ந்தாள். கால்கள் தொங்கின. விரல் முட்டி எரிந்தது.

திருட்டுப் பயம் யாருக்குத்தான் இல்லை. மனைவியிடம் சொன்னால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பான். கோபம் வந்தது. ஆனாலும் அவன் பக்கத்து நியாயத்தையும் அவளே தேடிக்கொண்டிருந்தாள்.

பைக் சத்தம் கேட்டது.

மயில்சாமி பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். அண்ணனிடம் கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"சாவி எங்கீங்க அண்ணி?"

அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அதில் அந்தப் போக்ஸ் துண்டு இருந்தது.

மயில்சாமி குனிந்து பார்த்தான்.

அது என்னவென்று கேட்கவில்லை.

திரும்பி அண்ணனைப் பார்த்தான். இவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அவள் கீழே இறங்கினாள். கதவை ஏற்றிச் சாத்தினாள். தோட்டத்துக் களத்தில் பெட்டிகள் கிடந்தன, வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பியபோது மயில்சாமி தன் பைக்கை ஓரமாக நகர்த்தி வழி விட்டான்.